சாவு ஆதாயம் என்றால் வாழ்வது எதற்கு?

கேள்வி சுருக்கமாக இது: அப்பாவுக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது, இன்னும் சில மாதங்கள்தான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். "சாவு எனக்கு ஆதாயம்" என்று சொல்லி அப்பா மருந்துகளை நிறுத்தப் பார்க்கிறார். சபையில் சிலர், சுகத்துக்காக மட்டும் ஜெபியுங்கள், சாவைப் பற்றி வாயே திறக்காதீர்கள் என்கிறார்கள். அம்மா அழுதால் விசுவாசக் குறைவு என்கிறார்கள். கிறிஸ்தவ நம்பிக்கை உண்மையில் என்ன சொல்கிறது, இந்த மாதங்களில் குடும்பம் என்ன செய்ய வேண்டும்?

அப்பா சொல்லும் வசனத்திலிருந்தே தொடங்குகிறேன். அதைப் பாதியில் நிறுத்திவிடுவதுதான் இதில் முதல் சிக்கல். பிலிப்பியர் 1:21-இல் பவுல், "கிறிஸ்து எனக்கு ஜீவன், சாவு எனக்கு ஆதாயம்" என்கிறார். அப்போது அவர் சிறையில், தீர்ப்பு எப்படி வருமோ என்று தெரியாத நிலையில் இருக்கிறார். சாவு அவருக்கு வெறும் கருத்து அல்ல, எந்த நாளும் கதவைத் தட்டக்கூடியது. அந்த நிலையிலும் அவர் 21-ஆம் வசனத்தோடு நிற்கவில்லை. 22 முதல் 26 வரை படியுங்கள். போய்விட ஆசைதான், அது தனக்கு அதிக நன்மைதான் என்று ஒப்புக்கொள்கிறார். ஆனால் "நான் சரீரத்தில் தரித்திருப்பது உங்களுக்கு அதிக அவசியம்" என்று சொல்லி, தங்குவதன் பக்கம் சாய்கிறார். காரணம் தன் ஆயுள் மேல் உள்ள ஆசை அல்ல; பிலிப்பியில் இருக்கிறவர்கள் விசுவாசத்தில் வளர வேண்டும், சந்தோஷப்பட வேண்டும்.

அதே கடிதத்தின் அடுத்த அதிகாரத்தைப் பலர் கவனிப்பதில்லை. பவுலுக்கு உதவி கொண்டுவந்த எப்பாப்பிரோதீத்து சாகக் கிடந்து பிழைக்கிறார். சாவு ஆதாயம் என்று எழுதிய அதே கை, "தேவன் அவனுக்கு இரங்கினார்" என்று எழுதுகிறது. அவர் செத்திருந்தால் எனக்குத் துக்கத்தின்மேல் துக்கம் ஆகியிருக்கும், ஆகவே தேவன் எனக்கும் இரங்கினார் என்றும் சேர்க்கிறது (2:27). சாவு ஆதாயம், பிழைத்தது இரக்கம், செத்திருந்தால் பெருந்துக்கம். மூன்றையும் ஒரே ஆள், ஒரே கடிதத்தில் சொல்கிறார். அப்பா முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறார். சபையார் இரண்டாவதை மட்டும். அம்மாவுக்கு மூன்றாவது மட்டும் தெரிகிறது. பார்த்தால், அம்மாவிடமும் ஒரு பவுல் இருக்கிறார்.

சரி, கிறிஸ்தவ நம்பிக்கை என்பதுதான் என்ன? "ஆத்துமா பரலோகம் போய்விடும்" என்பதோடு நிறுத்துகிறவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். புதிய ஏற்பாடு இரண்டு கட்டமாகப் பேசுகிறது. முதல் கட்டம், விசுவாசி இறந்தவுடன் கிறிஸ்துவோடு இருக்கிறார். பக்கத்துச் சிலுவையில் இருந்த குற்றவாளிக்கு "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்றுதான் இயேசு சொன்னார் (லூக்கா 23:43). இந்த இடைநிலையைச் சபைகள் ஒரே மாதிரி விளக்குவதில்லை. கத்தோலிக்கத் திருச்சபை உத்தரிக்கிற ஸ்தலத்தை, அதாவது பரலோகம் சேருமுன் ஆத்துமா தூய்மையாகும் நிலையை, போதிக்கிறது. வேறு சிலர், உயிர்த்தெழுதல் வரை நினைவற்ற நித்திரை என்கிறார்கள். ஆனால் இரண்டாம் கட்டத்தில், பழைய விசுவாச அறிக்கைகளை ஏற்கும் எல்லாரும் ஒன்றுபடுகிறார்கள். கிறிஸ்து திரும்ப வரும்போது மரித்தோர் சரீரத்தோடு எழுவார்கள், சிருஷ்டி முழுவதும் புதிதாகும். ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தில் "சரீரம் உயிர்த்தெழுதலும்" என்று சொல்வது இதைத்தான். வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசிக் காட்சியில் ஜனங்கள் மேலே ஏறிப் போவதில்லை. புதிய எருசலேம் கீழே இறங்கி வருகிறது.

இந்த நம்பிக்கை நல்ல மனநிலையின் மேலோ, நேர்மறைச் சிந்தனையின் மேலோ நிற்பதல்ல. நடந்த ஒரு நிகழ்வின் மேல் நிற்கிறது. கொரிந்தியருக்குப் பவுல் முதல் கடிதத்தைச் சுமார் 55-ஆம் ஆண்டில் எழுதுகிறார். சிலுவை மரணம் நடந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருக்காது. உயிர்த்தெழுந்த இயேசுவை 500 பேருக்கு அதிகமானோர் ஒரே வேளையில் கண்டார்கள், அவர்களில் அநேகர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்கிறார். கேட்டுப் பாருங்கள் என்பதுதான் அதன் தொனி. அது பொய்யானால் விசுவாசம் வீண், எல்லா மனுஷரிலும் நாமே பரிதாபத்துக்குரியவர்கள் என்று அவரே ஒப்புக்கொள்கிறார் (15:14-19). உண்மையானால் அவர் "முதற்பலன்", அதாவது பின்னால் வரும் முழு விளைச்சலுக்கு முன்னடையாளம். உங்கள் அப்பாவும் அந்த விளைச்சலில் இருக்கிறார்.

இரண்டாம் கட்டத்தை விட்டுவிட்டால் நடைமுறையில் என்ன கெடும்? உடம்பு வெறும் கூடு, உலகம் வெறும் காத்திருப்பு அறை என்ற எண்ணம் வந்துவிடும். அப்புறம் மருந்து எதற்கு, வலி நீக்கம் எதற்கு, பேரப்பிள்ளையோடு பேசுவது எதற்கு என்று எல்லாமே அர்த்தமற்றுப்போகும். பவுலோ அதே 15-ஆம் அதிகாரத்தில் உயிர்த்தெழுதலைப் பற்றி 57 வசனங்கள் எழுதிவிட்டு, 58-ஆம் வசனத்தில் "ஆகையால்" என்று தொடங்கி, கர்த்தருக்குள் படுகிற பிரயாசம் வீணாகாது, வேலையைச் செய்துகொண்டே இருங்கள் என்று முடிக்கிறார். உடம்பு எழுப்பப்படும் என்றால் உடம்பில் செய்தவற்றுக்கு மதிப்பு உண்டு. தலைப்பில் உள்ள கேள்விக்கு என் பதில் இந்த ஒரு "ஆகையால்"தான்.

இன்னொன்றும் அந்த அதிகாரத்திலேயே இருக்கிறது. 26-ஆம் வசனம் மரணத்தைக் "கடைசிச் சத்துரு" என்கிறது. நண்பன் என்றோ, இயற்கையான இளைப்பாறுதல் என்றோ சொல்வதில்லை. தோற்கடிக்கப்பட்ட சத்துருதான், ஆனாலும் சத்துரு. இதைப் பிடித்துக்கொண்டால் அம்மா அழுவதற்கு இடம் கிடைக்கும், அப்பா பயப்படுவதற்கும் இடம் கிடைக்கும்.

முதலில் அழுகை. லாசருவை இன்னும் சில நிமிடங்களில் எழுப்பப்போகிறோம் என்று தெரிந்திருந்தும் கல்லறைக்குப் போகுமுன் இயேசு கண்ணீர் விட்டார். முதல் இரத்தசாட்சியான ஸ்தேவான் வானம் திறந்திருப்பதைக் கண்டுகொண்டே மரித்தார். அவரை அடக்கம் செய்தவர்கள் "தேவபக்தியுள்ள மனுஷர்" என்று சொல்லும் அதே வசனம், அவர்கள் அவருக்காக மிகவும் துக்கங்கொண்டாடினார்கள் என்கிறது (அப்போஸ்தலர் 8:2). அவர்களுக்கா விசுவாசக் குறைவு? 1 தெசலோனிக்கேயர் 4:13-ஐக் காட்டி அழாதே என்பவர்கள் வசனத்தை அவசரமாகப் படிக்கிறார்கள். நம்பிக்கையற்றவர்களைப் போலத் துக்கிக்க வேண்டாம் என்றுதான் அது சொல்கிறது. துக்கமே வேண்டாம் என்று சொல்லவில்லை. சங்கீதம் 88 ஆறுதலான ஒரு வரிகூட இல்லாமல் முடிகிறது, அதுவும் வேதாகமத்தில்தான் இருக்கிறது. அம்மாவைத் தேற்ற நினைப்பவர்கள் அந்தச் சங்கீதத்தை ஒருமுறை அவரோடு சேர்ந்து படிக்கலாம்.

அடுத்தது சுகத்துக்கான ஜெபம். ஜெபியுங்கள், தாராளமாக. யாக்கோபு 5:14 மூப்பர்களை அழைத்து எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்கிறது. கத்தோலிக்கர்களுக்கு நோயில்பூசுதல் என்ற அருட்சாதனமே இருக்கிறது. அதைக் கடைசி மூச்சு வரை தள்ளிப்போடாமல், நோயாளி நினைவோடு பங்குபெறக்கூடிய நேரத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. ஆனால் "சுகம் நிச்சயம், வேறு எதையும் பேசாதே" என்பது வேதாகமத்தின் ஜெபம் அல்ல. அப்போஸ்தலர் 12-இல் ஒரே ஏரோதின் கையில் அகப்பட்ட இருவரில் அப்போஸ்தலர் யாக்கோபு வாளால் வெட்டுண்டு சாகிறார், பேதுருவைத் தூதன் சிறையிலிருந்து வெளியே கொண்டுவருகிறான். யாக்கோபுக்கு விசுவாசம் குறைவு என்று அந்த அதிகாரம் எங்கும் சொல்லவில்லை. எத்தனையோ பேரைச் சுகமாக்கிய பவுல், துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியோடேயே விட்டுவந்தார் (2 தீமோத்தேயு 4:20). "முள்" என்று தானே சொன்ன தன் சரீர வேதனைக்காக மூன்று தரம் கேட்டும் அது நீங்கவில்லை.

சுகம் மட்டுமே என்று பிடிவாதமாக நின்றால் என்ன ஆகும் என்பது முன்கூட்டியே தெரிந்த கதை. நோயாளி தன் வலியையும் பயத்தையும் மறைக்கத் தொடங்குவார். சொன்னால் விசுவாசமில்லை என்பார்களே. குடும்பம் விடைபெறும் பேச்சைப் பேசாது. உயில், கடன், மன்னிப்பு எல்லாம் நின்றுபோகும். சாவு வந்த பிறகு, நாம் சரியாக ஜெபிக்கவில்லையோ என்ற குற்ற உணர்வு வருடக்கணக்கில் உட்கார்ந்துகொள்ளும். இதற்கு மாற்றாக எரிகிற சூளைக்கு முன் நின்ற மூன்று வாலிபர் ராஜாவுக்குச் சொன்ன பதிலைக் கைக்கொள்ளுங்கள்: எங்கள் தேவன் விடுவிக்க வல்லவர், "விடுவிக்காமற்போனாலும்" நாங்கள் அவரை விடமாட்டோம் (தானியேல் 3:17-18). ஜெபத்தில் இரண்டு பாதியையும் சத்தமாகச் சொல்லுங்கள். "ஆண்டவரே, அப்பாவைச் சுகமாக்கும். சுகமாக்காவிட்டாலும் அவரை உம் கையை விட்டு விடாதேயும். இன்றைக்கு வலி குறையட்டும், இரவு தூக்கம் வரட்டும்." இந்த அளவு போதும். இன்றைய தேவையைப் பெயர் சொல்லிக் கேட்பது, பெரிய வாக்குறுதிகளை முழங்குவதைவிட நோயாளிக்குத் தெம்பு தரும்.

இனி அப்பா மருந்தை நிறுத்துவது பற்றி. இங்கே நிதானம் வேண்டும், ஏனென்றால் இரண்டு வேறு விஷயங்கள் ஒரே சொல்லுக்குள் ஒளிந்திருக்கின்றன. நோயைக் குணப்படுத்த முடியாத நிலையில், உடம்பை வாட்டி எடுக்கும், பலன் மிகக் குறைவான சிகிச்சையை வேண்டாம் என்பது தற்கொலை அல்ல. பெரும்பாலான சபைகளின் போதனையில் அதற்கு இடமுண்டு. சாவை வரவழைப்பது வேறு, வருகிற சாவுக்கு வழிவிடுவது வேறு. ஆனால் வலி மருந்தையும், வாந்தி, மூச்சுத்திணறல் போன்றவற்றுக்கான மருந்தையும் சேர்த்து நிறுத்துவது பக்தி அல்ல. எசேக்கியா ராஜா கண்ணீரோடு ஜெபித்தார், 15 வருடம் கூட்டிக்கொடுக்கப்பட்டது. அந்த அற்புதத்தின் நடுவிலும் ஏசாயா அவர் பிளவையின்மேல் அத்திப்பழத்து அடையைப் பற்றுப்போடச் சொன்னார். மருந்தும் ஜெபமும் ஒரே படுக்கையில் இருந்தன.

சிலுவையில் இயேசு வெள்ளைப்போளம் கலந்த திராட்சரசத்தை மறுத்தாரே, நானும் வலியைத் தாங்குவேன் என்று சில பக்திமான்கள் சொல்வதுண்டு. அவர் மறுத்தது உலகத்தின் பாவத்தைச் சுமக்கும் தனி வேலையின் நடுவே. அந்த வேலை முடிந்துவிட்டது. அதை யாரும் இரண்டாம் முறை செய்ய வேண்டியதில்லை. சாகிறவனுக்கும் மனங்கசந்தவனுக்கும் பானம் கொடுங்கள் என்று நீதிமொழிகள் 31:6 சொல்கிறது. நவீன வலித்தணிப்புச் சிகிச்சைக்கு வழிகாட்டிய சிசிலி சாண்டர்ஸ் ஒரு கிறிஸ்தவ விசுவாசி. 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் என்ற பராமரிப்பு இல்லத்தைத் திறந்தார். வலியை உடல், மனம், குடும்பம், ஆவிக்குரிய வாழ்வு என நான்கும் பின்னிய ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்தவர் அவர். அப்பாவின் மருத்துவரிடம் வலித்தணிப்புச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா என்று இப்போதே கேளுங்கள், கடைசி வாரம் வரை காத்திருக்காதீர்கள். மார்ஃபின் கொடுத்தால் அடிமையாகிவிடுவாரோ, சீக்கிரம் போய்விடுவாரோ என்ற பயம் எல்லா வீட்டிலும் வரும். மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுத்தால் அந்தப் பயத்துக்குக் காரணமில்லை. வலி உச்சத்துக்கு ஏறிய பிறகு கொடுப்பதைவிட, கடிகாரம் பார்த்து ஒழுங்காகக் கொடுப்பதில்தான் வலி அடங்கும். மார்ஃபினோடு மலச்சிக்கல் பெரும்பாலும் வரும், அதற்கான மருந்தையும் முதல் நாளே கேட்டு வாங்குங்கள். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் வயிறு இறுகிக் கிடக்கும் மனிதரால் சங்கீதம் கேட்கக்கூட முடியாது.

இன்னொன்றையும் கண்டுபிடிக்க வேண்டும். அப்பாவின் "போகிறேன்" என்பது எந்தப் "போகிறேன்"? கிறிஸ்துவோடு இருக்க ஆசை என்பது பவுலின் ஏக்கம். "எல்லாருக்கும் பாரமாக இருக்கிறேன்" என்பது வேறு. அது பெரும்பாலும் மனச்சோர்விலிருந்து வரும். எலியா சூரைச்செடியின் கீழ் "போதும் கர்த்தாவே" என்று சாவு கேட்டபோது தேவன் கண்டிக்கவில்லை. தூங்கவிட்டு, அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடி தூங்கவிட்டார்; பேச்சு அதற்குப் பிறகுதான் (1 இராஜாக்கள் 19). நேராகவே கேட்டுவிடுங்கள்: "அப்பா, எதனால போகணும்னு தோணுது?" பதில் வர நேரமாகும், இடையில் நீங்கள் பேசி நிரப்ப வேண்டாம். பாரம், வெட்கம், தூக்கமின்மை என்று வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மனச்சோர்வுக்கு இந்த நிலையிலும் சிகிச்சை உண்டு. தன் உயிரைத் தானே முடித்துக்கொள்ளும் பேச்சு வந்தால் அன்றே சொல்லுங்கள், தனியாக விடாதீர்கள்.

பயமும் அப்படித்தான். எல்லாவற்றுக்கும் சங்கீதம் 23 என்று மருந்துச்சீட்டு எழுதிவிட முடியாது. சாகும் விதத்தைப் பற்றிய பயம் ஒன்று: மூச்சு முட்டுமா, வலிக்குமா? இதற்கு வசனம் அல்ல, முதலில் மருத்துவரின் நேரான விளக்கம்தான் பதில். பிரிவின் பயம் இன்னொன்று: இவளை யார் பார்ப்பார்கள்? இதற்கு ஏற்பாடு வேண்டும். இயேசு சிலுவையில் மூச்சு வாங்கிக்கொண்டே தாயை யோவானிடம் ஒப்படைத்தாரே, அந்த மாதிரி. "அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று பொதுவாகச் சொல்லாமல், எங்கே இருப்பார், செலவுக்கு என்ன வழி, எந்தக் கணக்கு யார் பெயரில் என்று சொல்லிக் காட்டுங்கள்.

மூன்றாவது பயத்தைத்தான் பலர் வெளியே சொல்வதில்லை: நியாயத்தீர்ப்பு. நாற்பது வருடம் சபையில் மூப்பராக இருந்தவருக்கும் இது வரும். சில சமயம் அவருக்குத்தான் அதிகமாக வரும். இங்கே குடும்பம் செய்யும் தவறு, "நீங்க எவ்வளவு நல்லவர், எத்தனை பேருக்கு உதவினீங்க" என்று அவர் செயல்களை எடுத்துக்காட்டுவது. நல்ல எண்ணம்தான், ஆனால் கால் ஊன்ற முடியாத இடத்தைக் காட்டுகிறோம். அவர் செய்யாமல் விட்டவை அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். 15-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் சாகிறவர்களுக்கு உதவ என்றே எழுதப்பட்ட சிறு நூல் ஒன்று பரவியிருந்தது. நன்றாகச் சாகும் கலை என்பது அதன் பெயர். படுக்கையில் வரும் ஐந்து சோதனைகளை அது சொல்கிறது: விசுவாசத் தடுமாற்றம், முழு அவநம்பிக்கை, பொறுமையிழப்பு, தன் நற்செயல்கள் மேல் பெருமை, விட்டுப்போக முடியாத பற்று. நாலாவதைக் கவனியுங்கள். நாம் ஆறுதல் என்று நினைத்துக் கொடுப்பதை அந்தக் காலத்தவர் சோதனைப் பட்டியலில் வைத்தார்கள். அவருடைய நன்மைகளை நன்றியாகச் சொல்லுங்கள், ஆதாரமாகச் சொல்லாதீர்கள். ஆதாரத்துக்கு ரோமர் 8:1 இருக்கிறது: கிறிஸ்து இயேசுவுக்குட்பட்டவர்களுக்கு ஆக்கினைத்தீர்ப்பு இல்லை. எந்த நற்செயலும் செய்ய நேரமில்லாமல் "அடியேனை நினைத்தருளும்" என்று மட்டும் கேட்ட அந்தக் குற்றவாளி இருக்கிறார். பாவ அறிக்கை செய்ய விரும்பினால் ஆயரை அழைத்துவிட்டு நீங்கள் அறையை விட்டு வெளியே போய்விடுங்கள்.

சீர்திருத்தச் சபைகள் 1563-இலிருந்து பயன்படுத்தும் ஹைடல்பர்க் வினாவிடையின் முதல் கேள்வியே, வாழ்விலும் சாவிலும் உனக்கிருக்கும் ஒரே ஆறுதல் எது என்பதுதான். பதில் இப்படித் தொடங்குகிறது: நான் எனக்குச் சொந்தமல்ல, உடலும் ஆத்துமாவுமாக, வாழ்விலும் சாவிலும், என் உண்மையுள்ள இரட்சகர் இயேசு கிறிஸ்துவுக்குச் சொந்தம். ரோமர் 14:8-இன் சாரம் இது. பிழைப்பதா சாவதா என்ற கேள்விக்கு முன்பே யாருடையவர் என்ற கேள்விக்குப் பதில் வந்துவிடுகிறது. மனப்பாடம் செய்யும் தெம்பு அப்பாவுக்கு இருக்கும்போதே இந்த ஒரு வாக்கியத்தை அவரோடு சேர்ந்து சொல்லிப் பழகலாம்.

இந்த மாதங்களுக்கு நோக்கம் என்ன என்ற கேள்விக்கு வருகிறேன். ஓடியாடிச் செய்த வேலை போனதும் நோக்கமும் போய்விட்டது என்று நினைப்பது இயல்பு. பழைய ஏற்பாட்டு முற்பிதா யாக்கோபு சாகும்போது செய்ததைப் பாருங்கள்: படுக்கையில் எழுந்து உட்கார்ந்தார், பேரன்களைக் கிட்ட வரவழைத்தார், ஒவ்வொருவர் தலையிலும் கை வைத்தார், பெயர் சொல்லி ஆசீர்வதித்தார். எபிரெயர் 11 அவருடைய நீண்ட வாழ்க்கையிலிருந்து விசுவாசச் செயலாக எடுத்துக்காட்டுவது இந்த ஆசீர்வாதத்தையும், கோலின்மேல் சாய்ந்து அவர் தொழுததையும்தான். அப்பாவிடம் கேளுங்கள்: யாரை ஆசீர்வதிக்க வேண்டும், யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், யாரை மன்னிக்க வேண்டும், யாருக்கு நன்றி சொல்லவில்லை? ஒரு தாளில் பெயர்களாக எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஒருவர் போதும், காலையில் தெம்பு இருக்கும் வேளையில். நேரில் வர முடியாதவருக்குத் தொலைபேசி. அதுவும் முடியாவிட்டால் அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். மன்னிப்பில் விளக்கம் வேண்டாம். "நான் செய்தது தப்பு, மன்னிச்சுடு" என்பதோடு நிறுத்தட்டும். "ஆனா நீயும்" என்று தொடங்கினால் பழைய வழக்கு மறுபடி திறந்துவிடும்.

ஜெபமும் ஒரு வேலைதான், படுத்தபடியே செய்யக்கூடியது. பிறருக்காக ஜெபிக்க அவருக்குப் பெயர்கள் கொடுங்கள்: தேர்வு எழுதும் பிள்ளை, சபையில் புதிதாய் வந்த குடும்பம். எல்லாரும் தனக்காக ஜெபிக்கும் நிலையில், தானும் ஒருவருக்காக ஜெபிக்கிறோம் என்பது மனிதரை நிமிர்த்தி உட்காரவைக்கும்.

"உமது வீட்டுக்காரியத்தை ஒழுங்குபடுத்தும்" என்று எசேக்கியாவுக்குச் சொல்லப்பட்டது அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டிய கட்டளை. உயில், வங்கிக் கணக்குகள், காப்பீடு, கொடுக்க வேண்டியது, வர வேண்டியது, கடவுச்சொற்கள் எல்லாவற்றையும் இந்த மாதமே முடியுங்கள். மூச்சு நிற்கும் நிலையில் செயற்கைச் சுவாசம் வேண்டுமா வேண்டாமா என்பதை அவர் வாயால் சொல்லட்டும், மருத்துவர் அதைக் குறிப்பில் எழுதட்டும். இல்லாவிட்டால் நள்ளிரவில், மருத்துவமனை நடைபாதையில், அண்ணன் தம்பிகள் சண்டையிட்டு முடிவெடுக்க வேண்டிவரும். அடக்க ஆராதனையில் எந்தப் பாட்டு, எந்த வேதபாகம், யார் பிரசங்கம் என்றும் கேளுங்கள். பெரும்பாலான விசுவாசிகள் இந்தக் கேள்வியை விரும்புவார்கள், தயங்குகிறவர்கள் பிள்ளைகள்தான்.

நாள் நெருங்கும்போது எல்லாவற்றையும் சிறிதாக்குங்கள். பார்க்க வருகிறவர்களுக்கு 15 நிமிடம் போதும். நின்றுகொண்டு பேசாமல், முகத்துக்கு நேராக உட்காரட்டும். வாசிப்பு ஐந்தாறு வசனத்துக்கு மேல் வேண்டாம், அவருக்கு ஏற்கெனவே தெரிந்த பகுதியாக, அவர் வாழ்நாளெல்லாம் கேட்ட மொழிபெயர்ப்பில். சங்கீதம் 23, யோவான் 14:1-6, ரோமர் 8:38-39, சங்கீதம் 31:5 என மாற்றி மாற்றி. 23-ஆம் சங்கீதத்தில் ஒன்று கவனிக்கலாம்: புல்வெளியில் "அவர்" என்று தேவனைப் பற்றிப் பேசுகிறவன், மரண இருளின் பள்ளத்தாக்கில் நுழைந்ததும் "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்" என்று அவரிடமே பேசத் தொடங்குகிறான். மெதுவாக, அந்த வசனத்தில் கொஞ்சம் நின்று வாசியுங்கள். விழுங்க முடிகிற காலத்திலேயே திருவிருந்து கொடுக்க ஆயரிடம் சொல்லிவையுங்கள்.

கடைசி நாட்களில் சாப்பாடு நின்றுபோகும். இது பட்டினி அல்ல, உடம்பு மூடிக்கொள்கிறது. வற்புறுத்தி ஊட்டினால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும்; உதட்டையும் வாயையும் மட்டும் நனைத்துக்கொண்டிருங்கள். கை கால் குளிரும். மூச்சு நின்று நின்று வரும். தொண்டையில் கரகரப்புக் கேட்கும், ஒருக்களித்துப் படுக்கவைத்தால் குறையும். கேட்கிற நமக்கு இருக்கும் வேதனை பெரும்பாலும் அவருக்கு இருப்பதில்லை. சிலருக்குப் பிதற்றல் வரும், கூச்சலிடுவார்கள், படுக்கையை விட்டு எழப் பார்ப்பார்கள், சிலர் தகாத வார்த்தைகூடப் பேசுவார்கள். இதைப் பிசாசு என்றோ, விசுவாசத்தை விட்டுவிட்டார் என்றோ யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். சிறுநீர் அடைப்பு, ஈரல் அல்லது சிறுநீரகச் செயலிழப்பு, மருந்தின் விளைவு என்று காரணங்கள் உண்டு. மருத்துவரைக் கூப்பிட்டால் தணிக்க முடியும். பத்து நிமிட மூளைக் குழப்பம் அறுபது வருட விசுவாசத்தை அழிக்காது. கேட்கும் திறன் கடைசிவரை இருக்கலாம் என்று கருதப்படுகிறது. ஆகவே சொத்துப் பேச்சை வெளியே வைத்துக்கொண்டு, காதருகே பெயர் சொல்லிப் பேசுங்கள். அவரால் ஜெபிக்க முடியவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். ரோமர் 8:26-இன்படி ஆவியானவரே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுதல் செய்கிறார்.

அதன்பிறகு பாரம் அம்மாவுக்கு. அடக்கத்தன்று வீடு நிறைய ஆள் இருக்கும், மூன்றாம் மாதத்தில்தான் ஒருவரும் இருக்கமாட்டார்கள். விசுவாசக் குறைவு என்று சொன்ன சபையாருக்கு இங்கே வேலை இருக்கிறது. தபீத்தாள் இறந்துகிடந்த அறையில் பேதுருவைச் சுற்றி நின்ற விதவைகள் அழுதுகொண்டே, அவள் தங்களுக்குத் தைத்துக் கொடுத்த உடைகளை அவரிடம் காட்டினார்கள். அழக்கூடாது என்று அவர் அவர்களிடம் சொன்னதாக அந்த வேதபகுதியில் இல்லை. யாக்கோபு 1:27 விதவைகளை விசாரிப்பதை மாசில்லாத பக்தியின் இலக்கணமாகவே வைக்கிறது. திருமண நாள், பிறந்த நாள், முதல் கிறிஸ்துமஸ் ஆகிய தேதிகளைச் சபையில் ஒருவர் குறித்துவைத்து அந்தந்த நாளில் போய்ப் பார்க்கட்டும். அப்பாவின் பெயரைச் சொல்லியே பேசட்டும், பெயரைத் தவிர்ப்பதுதான் அதிகம் வலிக்கும். வங்கிக்கும் அலுவலகங்களுக்கும் கூடப் போக ஒருவர் வேண்டும். ஆராதனையில் பாட்டு வந்ததும் தொண்டை அடைத்துக்கொள்ளும்; பல மாதங்களுக்கு அப்படித்தான் இருக்கும். அம்மா உட்கார்ந்தே இருக்கட்டும், பக்கத்தில் இருப்பவர்கள் பாடட்டும்.